சிறகு போன பிறகு: யாகரெக், ஜடாயு, சம்பாதி

போன மாதம் அக்கா பையன் வாட்ஸப்பில் ஒரு படிவம் அனுப்பினான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து இணையத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் வயது, உயரம், பலம், பலவீனம் எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். இவன் 'ஆரகோக்ரா' என்ற பறவை மனிதனைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"மாமா, எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். இவனோட பழைய கதைன்னு ஒரு கட்டம் மட்டும் இருக்கு. நீங்கதான் எதையாவது படிச்சிட்டே இருப்பீங்களே, ஒண்ணு சொல்லுங்க."

படிவத்தைப் பார்த்தேன். வேகம் இருந்தது, நகத்தால் கீறினால் எவ்வளவு சேதம் என்பது இருந்தது. அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்பதற்குத்தான் ஒரு வரியும் இல்லை. அண்ணன் தம்பி உண்டா, அப்பாவுக்கு யார் சிநேகிதர், செத்தால் யார் வருவார்கள்? இதையெல்லாம் விளையாட்டில் கேட்பானா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த வெற்றுக் கட்டத்திலிருந்துதான் இந்தக் குறிப்பு பிறந்தது.

ஆரகோக்ராக்கள் முதலில் வந்தது 1981இல், 'ஃபியண்ட் ஃபோலியோ' என்ற விளையாட்டு நூலில். அடிப்படையில் அது ஒரு பிராணிப் பட்டியல். ஒவ்வொரு ஜீவராசிக்கும் ஒரு படம், ஒரு எண் வரிசை, சில பத்திகள். 2015 வாக்கில் வந்த விதிகளின்படி இவர்கள் மூன்று வயதில் பெரியவர்களாகிவிடுவார்கள், முப்பது வயதுக்கு மேல் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அதே ஃபியண்ட் ஃபோலியோவில் 'கென்கு' என்று இன்னொரு பறவை மனித இனமும் வந்தது. ஜப்பானியத் தெங்குவின் சாயலில் செய்தது. 2016இல் அதற்குச் சொன்ன கதை சுவாரசியமானது. எஜமானனுக்குத் துரோகம் செய்ததால் இனம் முழுவதுமே சாபம் வாங்கிச் சிறகையும் சொந்தக் குரலையும் இழந்துவிட்டது. கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொல்ல மட்டும்தான் முடியும். நல்ல கற்பனைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், யாரோ சிலர் செய்த தப்புக்கு ஒரு இனமே பிறவியிலேயே ஊமை. நம்ம ஊரில் இதைக் கேட்டால் புதிதாக ஒன்றும் தோன்றாது. 2024இல் வந்த விதிநூலில் பாத்திரங்களின் இனத்தைக் குறிக்கும் சொல்லையே மாற்றிவிட்டார்கள். பழைய சொல்லின் உறுத்தல் அவர்களுக்கும் பட்டிருக்கிறது. சொல்தான் மாறியது. படிவம் அதேதான்.

ஒரு ஆளை ஒரு வரியில் முடித்துவிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எனக்கு ஊர் கருணாபுரம். கள்ளக்குறிச்சி டவுனுக்கு உள்ளேயே இருக்கிறது. 2024 ஜூன் வரைக்கும் சென்னையில் யாரிடமாவது ஊர் பெயர் சொன்னால் "அது எங்கே?" என்பார்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு யாரும் அப்படிக் கேட்பதில்லை. "ஓ... அந்தக் கருணாபுரமா?" அவ்வளவுதான். எண் வரிசை, படம், ஒரு பத்தி. இந்தத் தெருவில் யார் யாருக்குச் சித்தப்பா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் மொய் எழுதினார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்தியில் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கில மிகைபுனைவில் பறவை மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்த வரையில் மிக முக்கியமானது சைனா மியேவிலின் 'பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்'. 2000இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் விருது வாங்கியது. அதில் வரும் பறவை மனித இனத்துக்கு மியேவில் வைத்திருக்கும் பெயர் 'கருடா'. பெயர் நம்முடையது. அதனாலேயே அந்த நாவலை எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரர் நம்ம பெரிய திருவடியை என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்கும் ஒரு சின்ன ரோஷம்.

கதை இதுதான். (நாவலின் முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) நியூ குரோபுசன் என்ற அழுக்கு நகரத்தில் ஐசக் என்று ஒரு விஞ்ஞானி. அவனைத் தேடிப் பாலைவனத்திலிருந்து யாகரெக் என்ற கருடன் வருகிறான். கழுகுத் தலை, மனித உடம்பு, மேலே ஒரு போர்வை. போர்வைக்குள் மடித்த சிறகு மாதிரித் தெரிவது மரச்சட்டம். உண்மைச் சிறகை அவனுடைய ஆட்களே அறுத்துவிட்டார்கள், தண்டனையாக. என்ன குற்றம் என்று கேட்டால் அவன் சொல்லும் பதில் யாருக்கும் புரிவதில்லை. இன்னொருவருடைய தேர்வைத் திருடிவிட்டானாம். ஐசக் அதற்கு மேல் கேட்பதில்லை. பொன் வாங்கிக்கொண்டு இவனை எப்படியாவது பறக்க வைக்கிறேன் என்கிறான். அந்த ஆராய்ச்சிக்காகச் சேர்த்த பிராணிகளில் ஒன்றுதான் பிறகு நகரத்தையே நாசம் செய்கிறது. எழுநூறு பக்கங்களுக்கு மேல் நாமும் யாகரெக்கோடு நடக்கிறோம். இடையிடையே அவன் குரலிலேயே வரும் பகுதிகளைப் படித்து அவன் மேல் பிரியம் வந்துவிடுகிறது. கடைசியில் கருச்சாய் என்ற ஒரு பெண் கருடா பாலைவனத்திலிருந்து ஐசக்கைத் தேடி வந்து விஷயத்தைச் சொல்கிறாள். நம்முடைய மொழியில் சொன்னால் அவன் செய்தது பாலியல் வன்முறை. செய்யப்பட்டது அவளுக்கு.

இங்கேதான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு பெண்ணைப் பலாத்காரமாகத் தூக்கிப் போனவனைத் தடுக்கப் போய் ஜடாயு சிறகை இழந்தான். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததால் யாகரெக் சிறகை இழந்தான். ஆரண்ய காண்டத்தை அப்படியே கண்ணாடியில் காட்டினது மாதிரி இருக்கிறது. மியேவில் இதை அறிந்து செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கருடன் என்ற பெயரோடு ஒரு தமிழ் வாசகன் அந்த இடத்துக்கு வரும்போது ஜடாயு தானாகவே பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறான். கருடனுக்கு அவன் அண்ணன் மகன்தானே, அருணனுக்குப் பிறந்தவன்.

அதனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தேன்.

வால்மீகியில் ராமனும் லட்சுமணனும் பஞ்சவடிக்குப் போகும் வழியில் ஜடாயுவை முதன்முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததும் அரக்கன் என்றுதான் நினைக்கிறார்கள். "யார் நீ?" என்ற கேள்விக்கு ஜடாயு முதலில் சொல்வது தன் பலத்தையோ வேகத்தையோ அல்ல. உன் அப்பாவுக்குச் சிநேகிதன் என்று சொல்கிறான். அதற்குப் பிறகு தன் வம்சத்தை ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்கிறான், பிரஜாபதிகளிலிருந்து ஆரம்பித்து. இன்றைய வாசகனுக்கு அந்தப் பகுதி கொட்டாவி வரவைக்கும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் ஃபியண்ட் ஃபோலியோவைப் படித்துவிட்டுத் திரும்பப் படித்தால் அதன் நியாயம் தெரிகிறது. அந்நிய உருவம் ஒன்று எதிரே நிற்கிறது, கையில் வில். சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு அது கொடுக்கும் சான்றிதழ் உறவுமுறை. நான் இன்னாருக்கு இன்னார் என்று சொன்னதும் வில் இறங்கிவிடுகிறது.

கம்பன் இன்னொரு படி மேலே போகிறான். தசரதன் செத்துப்போன செய்தியை ஜடாயு அப்போதுதான் கேட்கிறான். கேட்டதும் அந்தப் பெரிய பறவை உடைந்து அழுகிறது. நண்பனோடு நானும் போகிறேன் என்கிறது. பிள்ளைகள்தான் அதைத் தேற்றுகிறார்கள். பறப்பதற்கு முன்பே அழவைத்து அறிமுகப்படுத்துகிறான் பாருங்கள், அதுதான் கம்பன்.

ஆனால் வால்மீகி ஒரு விஷயத்தில் கம்பனைவிடக் கடுமையானவர். சீதை போன பிறகு தேடிக்கொண்டு வரும் ராமன், ரத்தத்தில் கிடக்கும் ஜடாயுவைப் பார்க்கிறான். தெரிந்த ஆள்தான், முன்பே பழகினவர்தான். அப்படியும் முதலில் என்ன தோன்றுகிறது? இது கழுகு வேஷத்தில் வந்த அரக்கன், சீதையைத் தின்றுவிட்டது. அம்பைத் தொடுத்துவிடுகிறான். உறவு சொல்லி இறக்கின வில், கஷ்டகாலம் வந்ததும் மறுபடி ஏறிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உதறும். பக்கத்து வீட்டுக்காரனையே ஒரு ராத்திரியில் சந்தேகப்படும் ஊர்கள் நமக்குத் தெரியாததா?

பிறகு உண்மை தெரிகிறது. அறுபதாயிரம் வயதான கிழம், ராவணனோடு மோதித் தேரை உடைத்து, கடைசியில் வாளுக்குச் சிறகைக் கொடுத்திருக்கிறது. (முப்பது வயதோடு முடியும் ஆரகோக்ராவை நினைத்துக்கொண்டேன்.) ராமன் அந்தப் பறவைக்குச் சிதை மூட்டி, தகப்பனுக்குச் செய்வதைச் செய்கிறான். தசரதன் செத்தபோது மூத்த பிள்ளை பக்கத்தில் இல்லை. அந்தக் கொள்ளி இங்கே வந்து சேர்ந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழி என்ற ஊரின் பெயரே இதுதான், புள்ளைத் தகனம் செய்த குழி. வைத்தீஸ்வரன் கோயிலில் ஜடாயு குண்டம் இருக்கிறது, அங்கே கொடுக்கும் சாம்பலை நெற்றியில் வைத்துக்கொள்கிறோம். அந்த ஊருக்குப் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். வைணவ உரைகாரர்கள் ஜடாயுவைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, 'பெரிய உடையார்' என்பார்கள்.

என் அப்பா ஒருமுறை இந்தக் கொள்ளியை வைத்திருக்கிறார். தாத்தாவோடு மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும் வேலையில் இருந்த ஒருவர், வேறு சாதி, பிள்ளை குட்டி இல்லை. கல்வராயன்மலை அடிவாரத்து ஊர். தாத்தா போன பிறகும் கடுக்காய், புளி என்று எதையாவது ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா அவரைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவர் செத்தபோது யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வந்தது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், "ரத்தமா, பந்தமா? உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று சுடுகாட்டிலேயே கேட்டார். "பெரியப்பான்னு கூப்புட்டன் இல்ல" என்றார் அப்பா. வேறு விளக்கம் சொல்லவில்லை. நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ளேயே அப்பா இருக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு மியேவிலை மட்டம் தட்டலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நம்மிடம் உறவு இருக்கிறது, அவர்களிடம் வெறும் உடம்புதான் இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியும் விட்டேன். பிறகு அழித்தேன். காரணம், கருச்சாய்.

நாவலில் அவள் வருவது சில பக்கங்கள்தான். வந்து ஐசக்கிடம், அவன் மறுபடி பறக்க உதவாதே என்கிறாள். ஐசக் தன் நகரத்து வார்த்தைகளால் அவளுக்காக இரக்கப்படும்போது அதை அவள் வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். எனக்கு நடந்ததற்கு நான் வைக்கும் பெயர்தான் பெயர், உன் ஊர் பெயரை என் மேல் ஒட்டாதே. அநியாயம் நடந்தவளே அநியாயத்தின் பெயரைத் தீர்மானிக்கிறாள். ஐசக்குக்கு இனி எந்த வழியும் சுத்தமில்லை. யாகரெக் நண்பன், தன் உயிரைக் காப்பாற்றினவன். உதவினாலும் அது ஒரு தீர்ப்பு, உதவாமல் போனாலும் தீர்ப்பு. கடைசியில் பறக்க வைக்காமலே விட்டுவிட்டுப் போகிறான்.

நம் கதையில் சீதை ஜடாயுவுக்காக அழுகிறாள், உண்மைதான். ஆனால் நல்லவனின் சிறகு வெட்டப்பட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் நம்மிடம் காவியம் இருக்கிறது. கெட்டது செய்த நண்பனின் சிறகு நியாயமாகவே வெட்டப்பட்டிருந்தால் அவனோடு என்ன செய்வது? உறவு சொன்னதும் வில்லை இறக்கும் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் பயங்கரமானது. "நம்ம பையன்" என்று சொல்லி எத்தனை விஷயத்தை மூடியிருக்கிறோம்! மியேவில் அந்த இடத்தில் உட்கார்ந்து நகராமல் பார்க்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காததும் ஒன்று உண்டு. யாகரெக்குக்குக் கூட்டம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, குற்றம் இருக்கிறது. ஆள் இல்லை. அண்ணன் தம்பி இல்லை, அம்மா இல்லை, அவன் போனதற்காகப் பாலைவனத்தில் அழுதவர் ஒருவரும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனுடைய இனம் ஒரு நல்ல அரசியல் தத்துவத்துக்கு உடம்பு கொடுத்தது மாதிரி இருக்கிறது. அதனால் முடிவில் அவனுக்கு ஒரே வழிதான் மிச்சம். தன் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, இனி நான் மனிதன் என்று நகரத்துக்குள் இறங்கிவிடுகிறான். ஜடாயுவும் ஒருவிதத்தில் மனிதன் ஆனவன்தான், மனிதனுக்குத் தகப்பனாகிச் சிதையேறினான். அதற்காக ஒரு இறகையும் அவன் பிடுங்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம், ஜடாயு மனித உருவமா என்ன, வெறும் கழுகுதானே என்று. நியாயமான கேள்வி. ரவி வர்மா வரைந்த படத்தில் முழுப் பறவைதான். கேரளத்தில் சடையமங்கலம் பாறை மேல் ராஜீவ் அஞ்சல் செய்து 2018இல் திறந்த 200 அடி நீளச் சிற்பமும் மல்லாந்து கிடக்கும் முழுப் பறவைதான். மனித உடம்பு வாய்த்தது சித்தப்பா கருடனுக்கு. அதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். இந்தோனேசியா தன் அரசுச் சின்னத்தில் கருடனை முழுப் பறவையாக வைத்து, ஒவ்வொரு சிறகிலும் 17 இறகு, வாலில் 8, கழுத்தில் 45 என்று சுதந்திரம் அறிவித்த தேதியையே எழுதிவிட்டது. தாய்லாந்துச் சின்னத்தில் அலகும் மனிதக் கையும் சேர்ந்து இருக்கும்.

அக்கா பையனைத் திருக்கோயிலூருக்குக் கூட்டிப்போயிருந்தேன். இப்போது நம்ம மாவட்டம்தானே. உலகளந்த பெருமாள் கோயில் எதிரே உயரமான கருட கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். உள்ளே போய்ப் பெரிய திருவடியைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "மாமா, இவருக்கு அலகே இல்லையே?" என்றான். மனித முகம், கூப்பின கை, பின்னால் சிறகு. மூக்கை மட்டும் கொஞ்சம் கூராக்கி விட்டுவிட்டார் சிற்பி. பறவை என்பதற்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார்.

"இவரால எவ்ளோ வேகம் பறக்க முடியும்?"

நாச்சியார்கோயில் கதையைச் சொன்னேன். அங்கே கல் கருடன், வாகனமாகவே வீதிக்கு வருகிறார். சன்னிதியில் நாலு பேர் தூக்குவார்கள், வெளியே வர வர எட்டு, பதினாறு என்று கூடி நூற்று இருபத்தெட்டுப் பேர் தூக்க வேண்டியிருக்கும் என்பது வழக்கு. முன்னால் தாயார் அன்ன வாகனத்தில் மெதுவாகப் போகிறார், இவர் தன் வேகத்துக்குப் பறந்தால் முந்திவிடுவார், அதனால் கனத்துக்கொண்டே போகிறார் என்று ஊரில் காரணம் சொல்வார்கள். பறவைக்கு எலும்பு லேசாக இருக்கணும், அப்பதான் பறக்கும் என்றான் அவன். அதுவும் சரிதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சம்பாதியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு மூன்று பேரில் சம்பாதிதான் நெருக்கம். தம்பி ஜடாயு சூரியனுக்கு ரொம்பக் கிட்டே போய்விட, அவனை மூடிக் காப்பாற்றித் தன் சிறகை எரித்துக்கொண்டவன். எத்தனையோ காலமாக மலையில் விழுந்து கிடக்கிறான். வால்மீகியில் அவன் வெளியே வரும் காட்சியைப் படிக்க வேண்டும். சீதையைக் கண்டுபிடிக்க முடியாமல் வானரங்கள் உண்ணாமல் உயிர் விடுவதென்று உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பார்த்துக் கிழட்டுக் கழுகுக்கு சந்தோஷம். ஒவ்வொன்றாகச் சாகும், ஒவ்வொன்றாகத் தின்னலாம். கழுகு கழுகாகத்தான் நினைக்கிறது, வால்மீகி அதை மறைக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கதன் புலம்பலில் ஜடாயு என்ற பெயர் வருகிறது. அவ்வளவுதான், பசி போய்விடுகிறது. யார் அது, என் தம்பி பெயரைச் சொன்னது? பறக்க முடியாது, என்னைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று, தின்ன நினைத்தவர்களிடமே கேட்கிறான். சீதை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, தம்பிக்கு நீர்க்கடன் செய்கிறான். அதற்குப் பிறகு சிறகு முளைக்கிறது. கம்பனில் வானரங்கள் ராம நாமம் சொல்ல முளைக்கும்.

ஒரு இனத்தின் இயல்பையும் ஒரு ஆளின் உறவையும் இத்தனை சின்ன இடத்தில் மோதவிட்ட இன்னொரு காட்சி, பறவை மனிதர்களைப் பற்றி எழுதப்பட்ட எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. யாகரெக்குக்கு அந்த ஒரு பெயரைச் சொல்ல யாருமில்லாமல் போனதுதான் மியேவில் நாவலில் எனக்கு இருக்கும் குறை. அந்தக் குறையோடும் அது பெரிய நாவல்தான், படியுங்கள்.

பையன் அன்றைக்கு ராத்திரியே திருத்தின படிவத்தை அனுப்பினான். வேகம், நகம், சேதம் எல்லாம் அப்படியே இருந்தன. பழைய கதை என்ற கட்டத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தான்.

"அண்ணன் ஒருத்தர் இருக்கார். எந்த மலையில இருக்கார்னு தெரியாது."